புனலூர்ப் பக்கத்தோடு சேர்ந்து கொலாப் போடலாமா?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து சாப்பாடு, சுற்றுலா பற்றி இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துகிறேன். நாலாயிரம் சொச்சம் ஃபாலோயர்கள். புனலூரில் முப்பதாயிரம் பேர் உள்ள மலையாளப் பக்கம் ஒன்று சேர்ந்து கொலாப் போடலாம் என்கிறது. எனக்கு ஆள் கூடுமா? எப்படிச் செய்வது, எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பதில்:

கூடும். ஆனால் முப்பதாயிரம் என்ற எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள், பதிவை யாருடைய கணக்கிலிருந்து ஏற்றுகிறீர்கள், இந்த இரண்டும்தான் உங்களுக்கு லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிக்கும். கேமரா, எடிட்டிங், ஹேஷ்டேக் எல்லாம் அதற்கு அப்புறம்.

கொலாப் என்பது டேக் செய்வது போல அல்ல. டேக் செய்த பதிவு அவர்களுடைய டேக் பகுதியில் கிடக்கும். அங்கே போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. கொலாபில் ஒரே பதிவுக்கு மேலே இரண்டு பெயர் நிற்கும். இரண்டு பக்கத்திலும் தெரியும், இரண்டு பக்கத்து ஃபாலோயர்களுக்கும் போகும், லைக்கும் வியூவும் கமெண்ட்டும் பொது. 2021-இல் இந்தியாவிலும் பிரிட்டனிலும் சோதித்துவிட்டு அதே ஆண்டு அக்டோபரில் இந்த வசதியை எல்லோருக்கும் திறந்தார்கள். தொடக்கத்தில் ஒருவரை மட்டும் அழைக்க முடிந்தது. 2023 ஆகஸ்டில் அது மூன்று பேரானது, பிறகு ஐந்தானது. ஐந்து பேரை அழைக்க முடியும் என்பதற்காக அழைக்க வேண்டாம். ஐந்து பெயர் இருக்கும் பதிவில் யாருடைய பெயரையும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

எண்ணை ஏன் நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இன்ஸ்டாகிராம் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு ரீலை இன்னும் பலருக்குக் காட்டலாமா என்று முடிவுசெய்ய, முதலில் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அது கவனிக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்ற மூன்றும் முக்கியம் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். உங்களை அறியாத புது ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவது லைக்கைவிட அதிகம் உதவும் என்பதும் அவர் சொன்னதுதான். இதில் லைக்கும் அனுப்புவதும் விகிதக் கணக்கு. சினிமா ட்ரோல் பார்க்க வந்த முப்பதாயிரம் பேர் முன்னால் உங்கள் புரோட்டா ரீலை வைத்தால், இரண்டாவது விநாடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். பார்க்கும் நேரமும் விகிதமும் சேர்ந்து விழும். தனியாகப் போட்டிருந்தால் உங்கள் நாலாயிரம் பேரிடம் நன்றாக ஓடியிருக்கக்கூடிய ரீல் அங்கே முடங்கும். சைவப் பந்தியில் கறிக்குழம்பு ஊற்றிவிட்டு இலையில் மிச்சம் இருக்கிறதே என்று கவலைப்படுவது போலத்தான்.

ஆகவே சம்மதிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்: இன்சைட்ஸில் ஃபாலோயர்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கம். உங்களுடையதை முதலில் அனுப்பிவிட்டுக் கேட்டால் சங்கடம் இருக்காது. கேரளப் பக்கங்களில் இங்கே ஒரு விசேஷம் உண்டு. கொல்லம், புனலூர், திருவனந்தபுரம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பல நேரம் பட்டியலில் துபாயும் தோஹாவும் மேலே நிற்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் ஊர்ப்பக்கத்து ரீலை ஆசையாக முழுவதும் பார்ப்பார்கள், வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள். பக்கத்தை வளர்ப்பதுதான் நோக்கம் என்றால் அது நல்லதே. ஆனால் நாளைக்குப் பிரானூர் பார்டரில் ஒரு கடைக்காரர், உங்கள் ரீல் பார்த்து எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் அந்த எண்ணைக் காட்டி ஏமாற்ற முடியாது. உங்களுக்குத் தேவை பார்வையாளரா, வாடிக்கையாளரா என்பதை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் வந்த பிறகு அவர்களுடைய கடைசிப் பன்னிரண்டு ரீல்களைத் திறந்து வியூவைக் குறியுங்கள். வைரலான ஒன்றையும் படுத்துவிட்ட ஒன்றையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். முப்பதாயிரம் ஃபாலோயர்கள் இருந்தும் ரீல் ஐந்நூறு அறுநூறில் நிற்கிறதென்றால் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது, இல்லையென்றால் காசுக்கு வாங்கியது. ஆறாயிரம் பேர் வைத்துக்கொண்டு ரீலுக்கு ஐயாயிரம் வியூ எடுக்கும் பக்கம் உங்களுக்கு அதைவிட மேல். கமெண்ட்டையும் படியுங்கள்: ஒரே ஏழெட்டுப் பேர் எல்லாப் பதிவிலும் தீ எமோஜி போட்டிருந்தால் அது ஒருவருக்கொருவர் மொய் வைக்கும் குழு. 'எந்தக் கடை?', 'எத்தனை மணி வரை இருக்கும்?' என்று கேட்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று. உங்களைப் போலவே சாப்பாட்டுப் பக்கம் நடத்தும் தென்காசிக்காரரோடு சேர்ந்தால் பெரிதாக ஆள் கூடாது. அவரைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே உங்களைப் பார்ப்பவர்கள். ஊர் ஒன்றாகவும் தொழில் வேறாகவும் இருக்கும் பக்கம்தான் பலன் தரும். உங்கள் வட்டாரத்தில் என் முதல் தேர்வு ரயில் பக்கங்கள். 1904-இல் வந்த கொல்லம்–செங்கோட்டைப் பாதை, மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையாகி 2018-இல் முழுக்கத் திறந்தது. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைப் படம் பிடிக்கவே இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ரயில் பக்கத்துக்காரர் பாலத்தைக் காட்ட, இறங்கியதும் எங்கே சாப்பிடலாம் என்று நீங்கள் காட்டினால் ஒரே ரீலில் இரண்டு கூட்டத்துக்கும் வேலை இருக்கிறது. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறித் துணி விற்பவர்களுக்கும், திருத்தணிக்காரர்கள் தெலுங்குப் பக்கத்தோடு சேர்வதற்கும் இதே கணக்குதான்.

இனி, யார் ஏற்றுவது. இதைப் பேசாமல் விடுபவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். பதிவு, ஏற்றியவருக்கே சொந்தம். கேப்ஷனைத் திருத்த அவரால்தான் முடியும். அவர் அழித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் போய்விடும். அவர் கணக்கை முடக்கி வைத்தாலும் அப்படித்தான். அழைப்பை ஏற்றவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அவர் பக்கத்திலிருந்து மட்டும் பதிவு மறையும், ஏற்றியவரிடம் அப்படியே இருக்கும். ஆக, உங்கள் கடை, உங்கள் ஊர், நீங்கள் எடுத்த காட்சி என்றால் உங்கள் கணக்கிலிருந்து ஏற்றுவதுதான் சரி. பெரிய பக்கம் 'நாங்கள் ஏற்றுகிறோம், நீங்கள் அக்செப்ட் பண்ணுங்கள்' என்று சொல்லும். ஒன்று உங்களுடையதிலிருந்து, அடுத்தது அவர்களுடையதிலிருந்து என்று பேசுங்கள். அதற்கும் மறுத்தால் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் எழுத்தோ வாட்டர்மார்க்கோ இல்லாத மூலக் காட்சிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். பாட்டும் இதைப் பொறுத்தே அமையும்: ஏற்றுவது பிசினஸ் கணக்கு என்றால் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, கிரியேட்டர் கணக்குக்குக் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: 'சேட்டா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு என் கணக்கிலிருந்து ஏற்றுகிறேன். உடனே அக்செப்ட் பண்ணிடுங்க. மலையாள வரிகள் நீங்க எழுதி வியாழக்கிழமைக்குள்ள அனுப்பணும். மலையாளக் கமெண்டுக்கு நீங்க, தமிழுக்கு நான். ஆறு மாசம் ரெண்டு பேரும் அழிக்கவோ விலகவோ வேண்டாம். அடுத்தது உங்க கணக்கிலிருந்து.' பத்திரம் எழுத வேண்டியதில்லை; இது எழுத்தில் இருந்தாலே பாதிச் சண்டை வராது.

ஏற்றும் முறை எளிது. இருவரும் பப்ளிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். இன்சைட்ஸ் பார்க்க புரொஃபஷனல் கணக்காகவும் மாற்றிக்கொள்ளுங்கள். ரீலைத் தயார் செய்து கேப்ஷன் எழுதும் திரைக்கு வந்ததும் 'டேக் பீப்பிள்' தொட்டு, 'இன்வைட் கொலாபரேட்டர்' என்பதைத் தேர்ந்து, அவர்கள் கணக்கைத் தேடிச் சேர்த்து, பிறகு ஷேர் செய்யுங்கள். பதிவு அப்போதே உங்கள் பக்கத்தில் வந்துவிடும். அவர்கள் ஏற்கும் வரை அங்கே வராது. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரவு ஏற்றுகிறார்கள், அந்தப் பக்கத்துக்காரர் மறுநாள் மத்தியானம் பார்த்து ஏற்கிறார். ரீல் சூடாக ஓட வேண்டிய நேரம் அதற்குள் போய்விடுகிறது. ஏற்றும்போது போனில் பேசிக்கொண்டே ஏற்றுங்கள்.

கணக்கைத் தேடினால் வரவில்லை, அல்லது சேர்க்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் அவர்கள் டேக் அனுமதியை அடைத்து வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் 'டேக்ஸ் அண்ட் மென்ஷன்ஸ்' போய்த் திறக்கச் சொல்லுங்கள். அழைப்பே வரவில்லை என்றால் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதியில் ஒளிந்திருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே ஒருவரையொருவர் ஃபாலோ செய்து நாலு வார்த்தை பேசிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இருவரும் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' பகுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பழைய காப்புரிமைப் புகாரோ, பரிந்துரைக்கத் தகுதியில்லை என்ற குறிப்போ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு சேருங்கள்.

தெரியாத கணக்கிலிருந்து வரும் கொலாப் அழைப்பை ஏற்றால் அவர்கள் போட்ட எதுவும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும். அது சூதாட்ட ஆப் விளம்பரமாகக்கூட இருக்கலாம். பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமல்தான் கொலாப் நடக்கும், கேட்டவர் திருடர்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், எல்லையில் இருப்பவருக்கு லாபமே இங்கேதான். புனலூர்க்காரருக்கு உங்கள் தமிழ் காதில் விழுந்தால் புரியும். எழுத்தைப் பார்த்தால் படிக்கத் தெரியாது. உங்களவர்களுக்கும் மலையாளம் அப்படியே. எனவே பேச்சைத் தமிழிலேயே விட்டுவிட்டுத் திரை எழுத்தை இரண்டாகப் போடுங்கள்: மேல் வரி தமிழ், கீழ் வரி மலையாளம், ஒரு திரைக்கு மொழிக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். 1080-க்கு 1920 அளவுத் திரையில் கீழே ஐந்தில் ஒரு பங்கைப் பெயரும் கேப்ஷனும் மறைத்துவிடும். வலது ஓரத்தில் பொத்தான்கள் இருக்கும். எழுத்து நடுவிலும் சற்று மேலேயும் நிற்கட்டும். 2025 தொடக்கத்திலிருந்து பக்கத்தில் படங்கள் மூன்றுக்கு நாலு வடிவில் தெரிகின்றன. அட்டைப்படத்தின் தலைப்பை அந்தச் சட்டத்துக்குள் அடக்குங்கள், இல்லையென்றால் மேல் வரி அறுந்துபோகும். மலையாள வரியை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு ஒட்டாதீர்கள். ஒரு எழுத்து தப்பினால் கமெண்ட் முழுக்க அதைப் பற்றியே இருக்கும். அதற்குத்தானே அந்தப் பக்கம் ஒரு கூட்டாளி.

கேப்ஷனில் முதல் வரி மட்டும்தான் திறக்காமல் தெரியும். அந்த ஒரு வரியில் இரண்டு மொழியையும் திணிக்காமல் ஊர்ப்பெயர், கடையின் பெயர், எண்கள் ஆகியவற்றைப் போடுங்கள். விளக்கம் கீழே தனித்தனிப் பத்தியாக இருக்கலாம். பேச்சே வேண்டாத ரீல் இன்னும் நல்லது: கல்லில் புரோட்டா அடிக்கும் சத்தம், ஆரியங்காவுக் கணவாயில் ரயில் ஹாரன். இவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

எதைப் போடுவது என்பதில், எல்லை தாண்டி அனுப்பத்தக்கதைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா என்பது கொல்லம் வரைக்கும் கேட்கப்படும் கேள்வி. அதே சமயம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கிறது. கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஐயப்ப பக்தர்கள் அச்சன்கோவில், ஆரியங்காவு, குளத்துப்புழை வழியாகப் போவார்கள். வழியும் சாப்பாடும் கேட்பார்கள். ஓணத்துக்கு இங்கிருந்து பூவும் காயும் அங்கே போகிறது. பொங்கலுக்குக் கொல்லம், திருவனந்தபுரம் உள்ளிட்ட எல்லை மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. அந்த நாளில் கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் நிலவர ரீலில் மட்டும் தேதியையும் நேரத்தையும் திரையிலேயே பெரிதாகப் போடுங்கள். ரீல் பத்து நாள் கழித்தும் யாருக்காவது காட்டப்படும்; அதைப் பார்த்து வந்தவர் அருவியில் தடை என்று கேட்டால் திட்டு இரண்டு பக்கத்துக்கும் விழும். குளிப்பவர்களைப் படமெடுக்காதீர்கள். சூரியகாந்தித் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள். தென்மலைப் பக்கம் காட்டுக்குள் ட்ரோன் விடுவதானால் வனத்துறை அனுமதி வேண்டும்.

கமெண்ட் பெட்டி பொது என்பதால் சண்டையும் பொது. எந்த ஊர் புரோட்டா ஒசத்தி என்பது போன்ற சண்டையை ஓடவிடுங்கள், நல்லதுதான். ஆனால் கம்பம், குமுளிப் பக்கத்தில் கொலாப் போடுகிறவர்கள் அணை தெரியும் காட்சியைத் தொடவே வேண்டாம். ஏலக்காய் பற்றிய ரீலாக இருந்தாலும் பத்தாவது கமெண்ட்டில் 999 ஆண்டுக் குத்தகையும் 142 அடியும் வந்துவிடும். அதற்குப் பிறகு ஏலக்காயை யாரும் பார்க்க மாட்டார்கள். முல்லைப்பெரியாறு என்ற சொல்லை இரண்டு மொழியிலும் மறைக்கப்படும் சொற்களின் பட்டியலில் சேர்த்துவிடுவது உத்தமம். முதல் ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து அவரவர் மொழியில் பதில் சொல்லுங்கள்.

காசு, இலவசத் தங்கல், இலவசச் சாப்பாடு எது வாங்கினாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மேலே கடையின் பெயர் கொலாபாக நிற்கிறதே என்று விட முடியாது. கொலாப் வேறு, 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' குறி வேறு. விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2021-இலிருந்தும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலிருந்தும் இதற்கு விதி வைத்திருக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளிக்காமல், 'விளம்பரம்' என்று இரண்டு மொழியிலும் முகப்பிலேயே போடுங்கள்.

யூடியூபிலும் 2025-இல் இதே போன்ற வசதி வந்திருக்கிறது. கூட்டாளிகளின் பெயர் காணொளிக்குக் கீழே நிற்கும், ஆனால் வருமானம் ஏற்றிய சேனலுக்குத்தான். அங்கே உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறு ஒன்று: ஒரே காணொளிக்கு இரண்டாவது மொழியில் ஒலித்தடம் சேர்க்கலாம். நீண்ட காணொளி செய்தால் மலையாளக் குரலைக் கூட்டாளியிடம் பேசி வாங்கிவிடுங்கள். ட்விட்டர் 2022-இல் கூட்டு ட்வீட்டைச் சோதித்து 2023 ஜனவரியில் எடுத்தே விட்டது, அங்கே தேட வேண்டாம்.

கடைசியாக, பலன் தந்ததா என்று பார்ப்பது. வியூவைப் பார்த்து மகிழாதீர்கள், அது இருவருக்கும் பொது. ஏற்றும் நாள் காலையில் உங்கள் ஃபாலோயர் எண்ணைக் குறித்து வையுங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி குறியுங்கள். பக்கத்தை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பதை இன்சைட்ஸ் சொல்லும். நிறைய பேர் வந்தும் ஃபாலோ செய்யவில்லை என்றால் குறை கொலாபில் இல்லை: வந்தவர் உங்கள் பயோவைப் படிக்க முடியாமலோ, மேலே ஒன்பது பதிவில் ஆறு பிறந்தநாள் வாழ்த்தாக இருந்ததாலோ திரும்பிப் போயிருப்பார். பயோவில் ஒரு வரி மலையாளம், மேலே பின் செய்த மூன்று பதிவிலும் உங்கள் ஊர்ச் சாப்பாடு என்று மாற்றிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பக்கத்துக்கே ஆள் வரவில்லை என்றால் ரீலில் உங்கள் வேலை தெரியவில்லை, அவர்களுடையதுதான் தெரிந்தது. ஃபாலோ செய்தவர்களில் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் கூடியிருக்கிறதா என்று ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். மூன்று கொலாப் போட்ட பிறகும் அது நகரவில்லை என்றால் கூட்டாளியோடு நட்பை வைத்துக்கொண்டு பதிவை நிறுத்திவிட்டு, அந்த ரயில் பக்கத்துக்காரருக்கு எழுதுங்கள்.